செகோவியாவும் டொலேடோவும்: கற்கள் சொல்வனவும் சொல்லாதனவும்

ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மாட்ரிட்டிற்குச் செல்வோர், அங்கிருந்து ஒரே நாளில் சென்று மீளத்தக்க பழம்பெரும் நகரங்கள் இரண்டினைப் பெரும்பாலும் காணாமல் திரும்புவதில்லை. ஒன்று, வடமேற்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், மலைத்தொடருக்கு அப்பால் உள்ள செகோவியா. மற்றொன்று, தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், தாகுஸ் ஆறு மும்புறமும் வளைந்தோடும் பாறைக் குன்றின்மீது அமைந்த டொலேடோ. வாடகைச் சிற்றுந்து ஒன்றையும், வரலாறு கற்ற வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொண்டு, முற்பகலில் செகோவியாவையும் பிற்பகலில் டொலேடோவையும் காண்பது இன்று பலரும் பின்பற்றும் முறை. யுனெஸ்கோ நிறுவனம் செகோவியாவை 1985ஆம் ஆண்டிலும் டொலேடோவை 1986ஆம் ஆண்டிலும் உலக மரபுச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது.

அவ்வாறு ஒரு பகல் முழுதும் வழிகாட்டியுடன் இவ்விரு நகரங்களையும் காணும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது. எனினும் பயணக் குறிப்புகளை அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. டொலேடோவைப் பற்றிப் பேசும் வழிகாட்டிகளும் விளம்பரத் தாள்களும் இடையறாது சொல்லும் தொடர் ஒன்று உண்டு. 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்பதே அது. கிறித்தவரும் இசுலாமியரும் யூதரும் கூடி வாழ்ந்த நகரம் என்பது அதன் பொருள். இப்புகழுரை எந்த அளவுக்கு உண்மை? உண்மையாயின், அம்மூவருள் இருவர் இன்று அங்கு ஏன் இல்லை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை.

செகோவியாவின் தொட்டிப்பாலம்

செகோவியாவிற்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது உரோமானியர் கட்டிய தொட்டிப்பாலம். மலைச்சாரலில் ஓடும் ஆற்றிலிருந்து நகர்க்கு நீர் கொணர்வதற்காகக் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இஃது எழுப்பப்பெற்றது. உயர்ந்த இடத்தில் ஏறத்தாழ 28 மீட்டர் உயரம். இரண்டு அடுக்கு வளைவுகள். சுண்ணமோ சாந்தோ இன்றி, கருங்கற்களைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எடையின் அழுத்தத்தாலேயே நிற்கச் செய்துள்ளனர். 20ஆம் நூற்றாண்டு வரையில் இதன் வழியே நீர் ஓடியது என்பது வியப்புக்குரியது.

இதனைக் கட்டியது மனிதர் அல்லர், சாத்தானே என்றொரு நாட்டார் கதை அங்கு வழங்குகிறது. மேட்டுத் தெருக்களில் குடம் சுமந்து சலித்த பணிப்பெண் ஒருத்தி, விடியுமுன் தன் வீட்டு வாசலுக்கு நீர் வருமாயின் உயிரையே தருவதாகச் சாத்தானிடம் வாக்களித்தாளாம். ஓர் இரவில் வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு கல் வைக்க வேண்டிய நேரத்தில் பொழுது விடிந்தது, அவள் பிழைத்தாள். தண்ணீர்க் குடத்தின் சுமையை அறிந்த பெண்கள் எந்நாட்டினராயினும் இக்கதையின் தோற்றுவாயை உடனே உணர்ந்துகொள்வர்.

பாலம் முழுவதும் உரோமானியர் கைவேலை அன்று. இடைக்காலத்துப் போரில் அழிந்துபட்ட வளைவுகளுள் 36 வளைவுகளை 15ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டினர். பழைய வளைவு எது, புதிய வளைவு எது என்று பொதுமக்களால் பிரித்தறிய இயலாது. நீரும் அவ்வேறுபாட்டைக் கருதாமல் ஓடிற்று. கற்களின் பிறப்பை ஆராயாத அதே நூற்றாண்டுதான் மனிதரின் பிறப்பை ஆராயத் தொடங்கியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓர் அரசியும் அவர்தம் கணக்காயரும்

நகரின் மறுமுனையில், இரண்டு ஆறுகள் கூடும் பாறை முனையில் அல்காசார் என்னும் கோட்டை நிற்கிறது. 1862ஆம் ஆண்டுத் தீ விபத்தில் பெரிதும் அழிந்து, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டமையால் இன்று நாம் காணும் தோற்றத்தில் 19ஆம் நூற்றாண்டின் கற்பனையும் கலந்துள்ளது. 1474ஆம் ஆண்டு திசம்பர் 13ஆம் நாள் இசபெல்லா காஸ்தில்ய நாட்டின் அரசியாக அறிவிக்கப்பெற்றது இந்நகரில்தான்.

இசபெல்லாவின் எழுச்சியோடு பிரிக்கவியலாத செகோவியர் ஒருவர் உண்டு. அவர் ஆபிரகாம் செனியோர் என்னும் யூதப் பெருந்தகை. வரி நிருவாகத்தில் வல்லவர், காஸ்தில்ய யூதர்களின் தலைமை நீதிபதி. இசபெல்லாவுக்கும் அவருடைய தமையனார் நான்காம் என்றிக்கேக்கும் இடையிலிருந்த பகையை 1473இல் தணிக்கத் துணைநின்றவர். அரியணைக்குச் செல்லும் படிக்கட்டில் அவர் இட்ட கல்லும் ஒன்று எனலாம்.

அதே அரசியும் அவர் கணவர் பெர்னாண்டோவும் 1492ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் கிரானடாவில் ஓர் ஆணையில் கையொப்பமிட்டனர். யூதர்கள் மதம் மாற வேண்டும், அன்றேல் சூலைத் திங்கள் இறுதிக்குள் நாட்டைவிட்டு அகல வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். சூன் திங்களில் ஆபிரகாம் செனியோர் ஞானநீராட்டுப் பெற்றார். அரசரும் அரசியுமே அவருக்கு ஞானப்பெற்றோராக நின்றனர். அவர் பெயர் பெர்னான் நூன்யெஸ் கொரோனெல் என மாறிற்று. அவரோடு அரசுப் பணியாற்றிய ஐசக் அப்ரவனெல் என்னும் அறிஞர் மாற மறுத்து நாடு துறந்தார். ஒருவர் இருந்து பெயரை இழந்தார், மற்றவர் பெயரைக் காத்து மண்ணை இழந்தார். இவர்களுள் யாரைக் குறை கூறுவது?

செகோவியாவின் பெரிய யூத வழிபாட்டிடம் அதற்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறித்தவக் கோயிலாக மாற்றப்பட்டுவிட்டது. யூதர்களின் இடுகாடு நகருக்கு வெளியே பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் உள்ளது. பயணியர் பலரும் கோட்டையின் மதில்மேல் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வரேயன்றி, அக்கரை செல்வார் சிலரே.

டொலேடோ: மூவர் கைபட்ட நகரம்

செகோவியாவிலிருந்து மாட்ரிட்டைக் கடந்து தெற்கே செல்லும் வழி, காஸ்தில்யப் பீடபூமியை ஊடறுத்துச் செல்கிறது. டொலேடோ 6ஆம் நூற்றாண்டில் விசிகோத்தியரின் தலைநகரம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுலாமியர் ஆட்சியின்கீழ் வந்தது. 1085ஆம் ஆண்டில் காஸ்தில்ய மன்னர் ஆறாம் அல்போன்சோ அதனைக் கைப்பற்றினார்.

நகரத்தின் பழைய வாயில் ஒன்றினருகே செங்கல்லால் ஆன சிறு பள்ளிவாசல் உள்ளது. கி.பி. 999ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கட்டிய காலமும் கட்டியவர் பெயரும் அதன் முகப்பில் அரபு எழுத்தில் செங்கற்களைக் கொண்டே அமைக்கப்பட்டுள்ளன. உள்ளே ஒன்பது விதானங்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் அது கிறித்தவக் கோயிலாயிற்று. இன்று அதன் பெயர் 'ஒளியின் கிறித்து'.

பெரிய பள்ளிவாசலின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. நகரம் பணிந்தபோது, அப்பள்ளிவாசல் இசுலாமியர்க்கே உரியதாக இருக்கும் என்று அல்போன்சோ வாக்களித்திருந்தார். மன்னர் இல்லாத வேளையில் அரசியும் பேராயரும் அதனைக் கைப்பற்றினர் என்றும், சினங்கொண்டு திரும்பிய மன்னரிடம் இசுலாமிய மார்க்க அறிஞர் ஒருவரே சென்று, தம் மக்கள்மேல் மேலும் பகை வளராதிருக்கும்பொருட்டு அவர்களை மன்னிக்குமாறு வேண்டினார் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. அவ்விடத்தில் 1226ஆம் ஆண்டளவில் பேராலயம் எழத் தொடங்கியது. அதன் தலைமைப் பீடத்தருகே, தூண் ஒன்றில் அவ்விசுலாமியப் பெரியவரின் சிலை இன்றும் உள்ளது. இழந்தவரின் பெருந்தன்மைக்கு வென்றவர் வைத்த நினைவுச் சின்னம் அது. அதனை நட்பின் சின்னம் என்று சொல்வதா, உரிமை பறிபோனதன் சான்று என்று சொல்வதா என்பதைக் காண்போரே முடிவு செய்ய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள்

டொலேடோவின் உண்மையான பெருமை இக்கட்டடங்களில் இல்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கு நிகழ்ந்த மொழிபெயர்ப்புப் பணியே அந்நகரை உலக வரலாற்றில் நிலைநிறுத்தியது. கிரேக்க நாட்டு அறிவியலும் மெய்யியலும் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு, அரபு அறிஞர்தம் உரைகளோடும் புத்தாய்வுகளோடும் டொலேடோவின் நூலகங்களில் இருந்தன. இலத்தீன் கற்ற ஐரோப்பியர்க்கு அவை எட்டாக்கனியாக இருந்தன.

இத்தாலி நாட்டுக் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர், தாலமியின் வானியல் நூலாகிய 'அல்மஜெஸ்டு' இலத்தீனில் இல்லை என்று ஏங்கி டொலேடோவுக்கு வந்தார். அரபு நூல்களின் பெருக்கத்தைக் கண்டு, அம்மொழியைக் கற்று, 1187இல் இறக்கும் வரையில் அங்கேயே தங்கினார். அவர் மொழிபெயர்த்தவை எழுபதுக்கும் மேற்பட்டவை. அல்மஜெஸ்டு 1175இல் நிறைவுற்றது. இபின் சீனாவின் மருத்துவப் பெருநூலும், அல் குவாரிஸ்மியின் இயற்கணித நூலும் அவற்றுள் அடங்கும். தம் பெயரை நூல்களில் பொறிக்காமலே அவர் மறைந்தார். மாணவர்கள் பட்டியல் தொகுத்திராவிடில் அவருடைய உழைப்பின் அளவு நமக்குத் தெரிந்திராது. அல்மஜெஸ்டை மொழிபெயர்க்கையில் காலிப் என்னும் உள்ளூர்க் கிறித்தவர் துணைநின்றதை ஆங்கில அறிஞர் ஒருவர் குறித்துள்ளார். அரபைத் தாய்மொழியாகக் கொண்ட இத்தகைய கிறித்தவர்களை மொசாரபியர் என்பர்.

இப்பணி நிகழ்ந்த முறை நாம் கருதிப் பார்க்கத்தக்கது. இபின் சீனாவின் உயிர் பற்றிய நூலை இலத்தீனாக்கியவர் இருவர். அவெந்தவுத் என்னும் யூத அறிஞர் அரபு மூலத்தைப் படித்துச் சொல் சொல்லாக மக்கள் மொழியில் கூறினார். தோமினிக்குஸ் என்னும் கிறித்தவர் அதனைக் கேட்டு இலத்தீனில் எழுதினார். இச்செய்தியை அந்நூலின் முன்னுரையே தெரிவிக்கிறது. ஓர் இசுலாமியரின் நூல், ஒரு யூதரின் நாவழியே ஒரு கிறித்தவரின் எழுதுகோலை அடைந்தது. தனித்தனியே இருவராலும் இயலாத ஒன்று, அருகருகே அமர்ந்தமையால் இயன்றது.

டொலேடோவில் பிறந்த பத்தாம் அல்போன்சோ 13ஆம் நூற்றாண்டில் இப்பணிக்குப் புதிய திசை காட்டினார். இலத்தீனை மட்டும் நோக்காது, காஸ்தில்ய மொழியையே, அதாவது இன்றைய ஸ்பானிய மொழியையே, அறிவின் மொழியாக்கினார். யெகூதா பென் மோசே, ஐசக் பென் சித் என்னும் யூத அறிஞர் இருவர் அவருக்காக வகுத்த வானியல் அட்டவணைகள் கோபர்னிக்கசின் காலம் வரை ஐரோப்பாவில் பயன்பட்டன. மக்கள் பேசும் மொழியில் வானியலையும் சட்டத்தையும் வரலாற்றையும் எழுத முடியும் என்று காட்டியமையே ஸ்பானிய உரைநடையின் உறுதியான தொடக்கம்.

நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் ஈண்டுச் சுட்டத்தக்கது. அல்போன்சோ இளவரசராக இருந்தபோது, 1251ஆம் ஆண்டில், 'கலீலா தீம்னா' என்னும் கதைநூல் அரபிலிருந்து காஸ்தில்யத்திற்குப் பெயர்க்கப்பட்டது. வடமொழிப் பஞ்சதந்திரமே 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பகலவி மொழிக்கும், 8ஆம் நூற்றாண்டில் இபினுல் முகாஃபாவின் வழி அரபுக்கும் சென்று, அங்கிருந்து ஸ்பெயினை அடைந்தது. அதே கதைநூல், தாண்டவராய முதலியாரால் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பெயர்க்கப்பெற்று 1826இல் வெளிவந்தது. ஸ்பானிய உரைநடையின் தொடக்கத்திலும் தற்காலத் தமிழ் உரைநடையின் தொடக்கத்திலும் ஒரே கதைநூல் நிற்பதைக் காண்கிறோம். மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக எண்ணிய தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

அம்மொழிபெயர்ப்பாளர்கள் அமர்ந்து பணியாற்றிய கட்டடம் எங்குள்ளது என்று வழிகாட்டியாக வந்த அம்மையாரிடம் வினவினேன். அப்படி ஒரு கட்டடமே இல்லை என்றார் அவர். 'டொலேடோ மொழிபெயர்ப்புப் பள்ளி' என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். பேராலயத்தின் ஆதரவிலும் அரசவையிலும் தனியார் இல்லங்களிலும் நிகழ்ந்த பணி அது. நகரத்தின் தலையாய பெருமையை எந்த வழிகாட்டியாலும் விரல் நீட்டிக் காட்ட இயலாது.

குருதியை ஆராய்ந்த நகரம்

டொலேடோவில் எஞ்சியுள்ள யூத வழிபாட்டிடங்கள் இரண்டு. வெண்ணிறக் குதிரைலாட வளைவுகளும் எண்கோணத் தூண்களும் கொண்ட முதலாவது, பள்ளிவாசல் ஒன்றினுள் நுழைந்த உணர்வையே தரும். இசுலாமியக் கலைமரபில், யூதர்க்காக, கிறித்தவ அரசரின் ஆட்சியில் எழுந்த அக்கட்டடத்திற்கு இன்று 'வெண்ணிற மரியன்னை' என்று பெயர். இரண்டாவதனைப் பேதுரு மன்னரின் கருவூலத் தலைவர் சாமுவேல் ஹலேவி 1357ஆம் ஆண்டளவில் கட்டினார். எபிரேய எழுத்துகளோடு காஸ்தில்ய அரச முத்திரையும் அதன் சுவர்களில் உள்ளது. கட்டிய சில ஆண்டுகளிலேயே அவர் அதே மன்னரின் சிறையில் வதைபட்டு மாண்டார். இன்று அவ்விடம் ஸ்பானிய யூதர்களின் வரலாற்றுக் காட்சியகம்.

ஆகவே 'கூடி வாழ்தல்' என்பது அச்சமற்ற வாழ்வு என்று பொருள்படாது. 1948இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்கோ காஸ்த்ரோ, மூன்று சமயத்தாரின் கூட்டு வாழ்வே ஸ்பானியப் பண்பாட்டை உருவாக்கியது என்றார். சாஞ்செஸ் அல்போர்னோஸ் அதனைக் கடுமையாக மறுத்தார். என் கருத்தில், அஃது அன்பால் விளைந்த ஒருமையன்று, ஒருவர்க்கொருவர் தேவைப்பட்டமையால் விளைந்த ஒத்துழைப்பு. ஆயினும் அவ்வொத்துழைப்பே நூல்களைத் தந்தது. அதனை எள்ளுதல் தகாது.

1391இல் ஸ்பெயின் முழுதும் பரவிய கலவரங்கள் டொலேடோவின் யூதர்களையும் தாக்கின. உயிருக்கு அஞ்சிப் பலர் கிறித்தவராயினர். இவர்களைக் 'கொன்வெர்சோ' என்றழைத்தனர். மதம் மாறியபின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1449ஆம் ஆண்டில் அரசின் சார்பில் பத்து இலட்சம் மரவேதிப் பணம் டொலேடோ மக்களிடம் கோரப்பட்டது. வரி தண்டியோருள் கொன்வெர்சோக்கள் இருந்தனர். அரசின்மீது எழுந்த சினம் அவர்கள்மீது பாய்ந்தது, வீடுகள் எரிந்தன. கலகத் தலைவர் பேதுரோ சர்மியந்தோவின் தலைமையில் நகரத்தார் ஓர் ஆணை பிறப்பித்தனர்: யூதக் குருதி வழிவந்தோர், கிறித்தவரே ஆயினும், நகரில் எப்பதவியும் வகித்தல் கூடாது.

'குருதித் தூய்மை' என்னும் கொள்கை ஸ்பானிய வரலாற்றில் சட்ட வடிவம் பெற்றது இவ்வாணையால்தான் என்பர். போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டில் இதனைக் கண்டித்தார். காஸ்தில்யப் பேரறிஞர் சிலரும் எதிர்த்து எழுதினர். எனினும் நஞ்சு பரவிற்று. 1547இல் பேராயர் சிலிசேயோ, டொலேடோப் பேராலயத்திலேயே குருதித் தூய்மை விதியைப் புகுத்தினார். பணி வேண்டுவோரின் பாட்டன் பூட்டனைப் பற்றி ஊரூராகச் சென்று சாட்சியம் திரட்டினர். 'உமக்கு என்ன தெரியும்?' என்று கேட்ட நகரம், 'உம் பாட்டன் யார்?' என்று கேட்கத் தொடங்கியது.

அக்கேள்விக்கு ஆளான டொலேடோ வணிகர் ஒருவர் உண்டு. சமய விசாரணை மன்றம் 1485இல் அவருக்குப் பொதுத் தண்டனை விதித்தது. பின்னர் அக்குடும்பம் ஆவிலா நகரில் குடியேறியது. அவருடைய பேத்தியே, 1622இல் புனிதர் பட்டம் பெற்ற அவிலா தெரேசம்மாள். ஸ்பானிய மொழியின் சிறந்த உரைநடையாசிரியருள் ஒருவர் அவர். 20ஆம் நூற்றாண்டில் பழைய வழக்கு ஆவணங்கள் வெளிவந்த பின்னரே இவ்வுண்மை உலகறிய வந்தது.

எஞ்சிய குரல்கள்

1605இல் வெளியான 'டான் குயிக்ஸாட்' புதினத்தின் ஒன்பதாம் இயலில் செர்வாண்டிஸ் நம்மை டொலேடோ கடைத்தெருவுக்கே அழைத்துச் செல்கிறார். விற்பனைக்கு வந்த பழந்தாள்களில் அரபுக் கையெழுத்துப் படி ஒன்று கிடைக்கிறது. அதனைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடினால், உடனே கிடைத்துவிடுகிறார். அவர் ஒரு மொரிஸ்கோ, அதாவது கிறித்தவராக்கப்பட்ட இசுலாமியர் வழிவந்தவர். உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்றுக்கொண்டு, ஒன்றரை மாதத்தில் அவர் முழுதும் மொழிபெயர்த்துத் தருகிறார். ஸ்பானிய இலக்கியத்தின் தலைசிறந்த கதையே அரபிலிருந்து பெயர்த்தது என்பது ஆசிரியரின் விளையாட்டு. அவ்விளையாட்டினுள் ஒரு வலி ஒளிந்துள்ளது. நான்கே ஆண்டுகளில், 1609இல் தொடங்கி 1614 வரையில், ஏறத்தாழ 3,00,000 மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன்பின் அக்கடைத்தெருவில் அரபு படிக்கத் தெரிந்தவரைத் தேடினால் கிடைத்திருக்க மாட்டார்.

1492ஆம் ஆண்டு ஆணை செல்லாது என்று ஸ்பானிய அரசு அறிவித்தது 1968ஆம் ஆண்டில். வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் குடியுரிமை கோர 2015இல் ஒரு சட்டம் வழி செய்தது. விண்ணப்பத்திற்குரிய காலம் 2019இல் முடிவுற்றது. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய சட்டம் இயற்றப்படவில்லை. துருக்கியிலும் பால்கன் நாடுகளிலும் குடியேறிய யூதர்கள், தங்களைத் துரத்திய நாட்டின் மொழியையே ஐந்நூறு ஆண்டுகளாக வீட்டில் பேசி வந்தனர். அது லதீனோ எனப்படுகிறது. நாடு கைவிட்ட மக்கள் அந்நாட்டு மொழியைக் கைவிடவில்லை.

'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்னும் தொடரை நான் பொய் என்று சொல்லேன். பாதி உண்மை என்பேன். மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறாகும். மூன்று பண்பாடுகளும் அங்கு ஒருவரையொருவர் வாசித்தன. பின்னர் அச்சமும் வரிச்சுமையும் அரசியலும் கூடிய வேளையில், வாசித்தவர்களையே நகரம் வெளியே தள்ளியது. பகைவர் வந்து அழித்த அழிவன்று அது, தன் கையாலேயே தேடிக்கொண்டது. கோட்டைகளும் கோயில்களும் இன்றும் நிற்கின்றன. இரண்டு மொழிகளுக்கு நடுவே அமர்ந்திருந்த மனிதர்கள் மட்டும் இல்லை.

1994ஆம் ஆண்டில் அப்பகுதிப் பல்கலைக்கழகம், பழைய பெயரையே சூட்டி, டொலேடோவில் மொழிபெயர்ப்புப் பள்ளி ஒன்றை நிறுவியது. அரபிலிருந்தும் எபிரேயத்திலிருந்தும் ஸ்பானியத்திற்குப் பெயர்ப்போரை அது பயிற்றுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நகரம் தன் பழைய நாற்காலிகளை மீண்டும் அருகருகே போட்டிருக்கிறது.

சொந்தக் கட்டடம் இல்லாமலே பத்தாண்டுகளை நிறைவு செய்துள்ள நம் இலக்கிய வட்டத்திற்கு டொலேடோவின் வரலாறு ஊக்கமும் எச்சரிக்கையும் ஒருங்கே தருவது. கட்டடம் இன்றி ஒரு பெரும்பணி நிகழக்கூடும். வந்து அமர்பவரிடம் அவர் அறிந்ததைக் கேட்கும் வழக்கம் இன்றி அது நிகழாது.